மாடலிலிருந்து ஆர்டர் வரை: பிம் திட்டத்தில் முதன்முறையாகச் சேர்பவர்களுக்கு

ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் காரிடாரை எடுத்துக்கொள்வோம். ஒரு மாடியின் கான்கிரீட் மட்டத்திலிருந்து அடுத்த மாடியின் கான்கிரீட் மட்டம் வரை 3600 மி.மீ. உள்ளது. அதில் பீமின் ஆழம் ஸ்லாபையும் சேர்த்து 600. தரை டைல்ஸும் அதன் கீழுள்ள சாந்தும் 75. டைல்ஸின் மேலிருந்து 2700 உயரத்தில் ஃபால்ஸ் சீலிங் வர வேண்டும் என்று ஆர்க்கிடெக்ட் வரைந்திருக்கிறார். கழித்துப் பார்த்தால் பீமின் அடிக்கும் சீலிங்குக்கும் இடையில் 225 மி.மீ. மிஞ்சும், சீலிங்கின் சட்டத்துக்கு 50 போனால் 175. ஏ.சி. ஒப்பந்ததாரரின் டக்டோ, அதாவது குளிர்காற்று செல்லும் பெட்டிக்குழாயோ, 300 உயரம். மேலும் கீழும் 25 மி.மீ. இன்சுலேஷன் சேர்ந்தால் 350. ஆர்க்கிடெக்ட், கட்டமைப்புப் பொறியாளர், ஏ.சி. ஒப்பந்ததாரர் ஆகிய மூவரின் வரைபடங்களும் தனித்தனியே பார்த்தால் பிழையற்றவை. மூன்றும் முதன்முறையாக ஒன்றுசேர்வது, கான்கிரீட் இறுகிப் பல மாதங்கள் கழித்து, ஏணியில் ஏறி நிற்கும் டக்ட் வேலைக்காரரின் தலைக்கு மேலேதான்.

இதே முரண்பாடு சென்ட்ரிங் அடிப்பதற்கு முன்பே தெரிந்திருந்தால் தீர்வு எளிது. காரிடாரில் மட்டும் சீலிங்கை 2400க்கு இறக்கலாம். பீமின் அடியில் 475 கிடைக்கும், டக்ட் போக 125 மி.மீ. கேபிள் டிரேக்கும் மிஞ்சும். அல்லது கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்டு, கூடுதல் கம்பியுடன் பீமிலேயே திறப்பு விடலாம். காலம் கடந்த பின் எஞ்சுவது இறுகிய பீமைத் துளைக்க, அதாவது கோர் கட்டிங் செய்ய, அனுமதி கேட்பது மட்டுமே. பொறுப்புள்ள எந்தப் பொறியாளரும் அதற்கு எளிதில் கையெழுத்திட மாட்டார்.

பிம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கட்டடத் தகவல் மாதிரியாக்கம் இந்தச் சந்திப்பை முன்கூட்டியே கணினியில் நடத்திவிடும் முறையாகும். அதில் சுவர் என்பது இரண்டு கோடுகள் அல்ல. அகலம், உயரம், பொருள், தீத்தாங்கும் நேரம், எந்த மாடியைச் சேர்ந்தது என்ற விவரங்களைத் தாங்கிய ஒரு பொருள். சைட்டில் எல்லோரும் "மாடல்" என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன்.

இந்த எண்ணம் புதிதன்று. சார்லஸ் ஈஸ்ட்மன் 1970களின் நடுவிலேயே கட்டடத்தைக் கோடுகளாக அல்லாமல் பொருள்களின் தொகுப்பாகக் கணினியில் விவரிக்கும் முறையை எழுதிவிட்டார். பிரிட்டன் அரசு தன் மத்தியத் துறைகளின் கட்டுமானங்களுக்கு 2016 ஏப்ரல் முதல் இதைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூரில் 2015 முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கான அனுமதி விண்ணப்பங்கள் மாடலாகவே கேட்கப்பட்டன. அங்கே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நம் பொறியாளர்கள் பலர் இதைக் கையோடு கொண்டுவந்தார்கள். வெளிநாட்டுத் திட்டங்களுக்கு ஸ்டீல், கம்பி விவரப் படங்கள் தயாரிக்கும் சென்னை, கோவை அலுவலகங்களிலும் இது அன்றாட வேலை. ஆயினும் உள்ளூர்த் திட்டம் ஒன்றில் "இனி பிம் முறையில்தான் வேலை" என்ற கடிதம் ஒரு டக்ட் பட்டறைக்கோ நடுத்தரக் கட்டுமான நிறுவனத்துக்கோ வந்து சேரும்போது, எங்கிருந்து தொடங்குவது என்ற திகைப்பு எழுகிறது. அவர்களுக்காகவே இந்த வழிகாட்டி. பெரும்பாலோர் மென்பொருள் வாங்குவதிலிருந்து தொடங்குகிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய வேலை.

படி 1: ஆர்டர் தேதிகளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் திட்டத்தில் முன்கூட்டியே ஆர்டர் கொடுக்க வேண்டிய பொருள்களை எழுதுங்கள்: லிஃப்ட், டிரான்ஸ்ஃபார்மர், ஏ.சி.க்கு நீரைக் குளிர்விக்கும் சில்லர், கண்ணாடி முகப்பு, முன்பே வார்த்துக் கொண்டுவரும் ப்ரீகாஸ்ட் பலகைகள், டக்ட். ஒவ்வொன்றுக்கும் சைட்டில் தேவைப்படும் வாரத்தைக் குறித்துவிட்டு, தயாரிப்புக் காலம், பட்டறைக்கான விவரப் படத்தின் (ஷாப் டிராயிங்) ஒப்புதலுக்கான காலம், மற்றவர்களோடு இடம் ஒத்துப்பார்க்கும் காலம் ஆகியவற்றை அதிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள்.

மேற்சொன்ன காரிடார் டக்டையே பார்ப்போம். அது 30ஆம் வாரத்தில் மாட்டப்பட வேண்டும் என்றும், பட்டறை வேலைக்கு 3 வாரம், ஒப்புதலுக்கு 2 வாரம், ஒத்துப்பார்த்தலுக்கு 3 வாரம் ஆகும் என்றும் வைத்துக்கொண்டால், 22ஆம் வாரத்தில் அதன் ஒத்துப்பார்த்தல் தொடங்கினால் போதும் என்று தோன்றும். ஆனால் டக்ட் பீமைத் துளைத்துச் செல்வதாக இருந்தால் கதை மாறுகிறது. அந்த மாடியின் கான்கிரீட் 16ஆம் வாரம் என்றால், கம்பி கட்டும் வேலை 15ஆம் வாரம், திறப்புக்கான கூடுதல் கம்பி விவரம் 14ஆம் வாரம். எனவே டக்டின் பாதை 13ஆம் வாரத்துக்குள் முடிவாகியிருக்க வேண்டும். நம் வழக்கப்படி அந்த வாரத்தில் டக்ட் ஒப்பந்ததாரர் நியமிக்கப்பட்டிருக்கவே மாட்டார். எத்தனை விலையுயர்ந்த மென்பொருள் வாங்கினாலும், முடிவெடுக்க வேண்டியவர் மேசையில் இல்லையென்றால் மாடலில் இருப்பது வெறும் ஊகம்தான்.

ஆகவே இந்தப் பட்டியலின் முதல் பயன், யாரை எப்போது உள்ளே அழைப்பது என்பதை அது சொல்லிவிடுவது. விநியோகச் சங்கிலியை ஒருங்கிணைத்தல் என்று புத்தகங்கள் சொல்வதன் நடைமுறைப் பொருள் பெரும்பகுதி இதற்குள் அடங்கும்.

படி 2: முன்கூட்டியே அழைப்பவருக்கு அதற்கான பணத்தைக் கொடுங்கள்

இதைப் பேசத் தயங்குகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். டக்ட் பட்டறைக்காரரிடம் விலைமதிப்பற்ற அறிவு இருக்கிறது: எந்த அளவுகளை அவருடைய இயந்திரம் விரயமின்றி வெட்டும், எந்த வளைவு காற்றழுத்தத்தைக் குறைத்துவிடும், லாரியில் எவ்வளவு நீளம் ஏறும், லிஃப்ட் குழி வழியாக எதை மேலே தூக்க முடியும் என்பவை அவருக்குத் தெரியும். அவரைக் கூப்பிட்டு மூன்று கூட்டங்களில் உட்காரவைத்து, அந்த அறிவையெல்லாம் மாடலில் ஏற்றிக்கொண்டு, பிறகு அதே மாடலை நான்கு பேருக்கு அனுப்பிக் குறைந்த விலை கேட்டால், அடுத்த திட்டத்தில் அவர் வாய் திறக்க மாட்டார். அது நியாயமும்கூட.

வடிவமைப்புக் கட்டத்துக்கென்று தனிச் சிறு ஒப்பந்தம் போட்டு, வேலை அவருக்குக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தத் தொகையைக் கொடுத்துவிடுவதே நேர்மையான வழி. அரசுத் திட்டங்களில் குறைந்த விலைக்காரருக்கே வேலை என்ற டெண்டர் முறை இதற்கு இடையூறாக நிற்பது உண்மை. அங்கே ஆலோசகர், பொதுவான டக்ட் அளவுகளோடு பாதைக்கான இடத்தை மட்டும் மாடலில் ஒதுக்கிவைத்து, அந்த எல்லைக்குள் அடங்குவதை டெண்டர் நிபந்தனையாக எழுதலாம்.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் 5ஆம் முனையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் உரிமையாளரான பி.ஏ.ஏ. நிறுவனம் திட்டத்தின் அபாயத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. முக்கிய ஒப்பந்ததாரர்களுக்கு அவர்களது செலவைக் கொடுத்து, சிறப்பாகச் செய்தால் ஊக்கத்தொகையும் தரும் ஒப்பந்தத்தைப் போட்டது. பழியை யார் தலையில் கட்டுவது என்ற கவலை இல்லாதபோதுதான் சிக்கல்களை ஒளிக்காமல் பொது மாடலில் வைக்க முடியும் என்பது அதன் தர்க்கம். 2008 மார்ச்சில் அது திறக்கப்பட்ட நாளில் பயணப்பெட்டிகள் குவிந்து பெருங்குழப்பம் ஏற்பட்டது வேறு கதை. ஊழியர்களைப் பழக்குவதும் இயக்கிப் பார்ப்பதும் மாடலுக்குள் வராத வேலைகள் என்பதை அது நினைவூட்டியது.

வழக்கமான பில்களைக் காலத்தில் தீர்ப்பதும் இதன் பகுதியே. குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியவற்றுக்கான பணத்தை, எழுத்துப்பூர்வமாக எந்தத் தவணை ஒப்புக்கொண்டிருந்தாலும், 45 நாட்களுக்கு மேல் நிறுத்திவைக்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. ஆறு மாதமாகப் பில் நிலுவையில் உள்ள சப்-கான்ட்ராக்டரிடம் "மாடலை வெள்ளிக்கிழமைக்குள் ஏற்றுங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்புவது வீண்.

படி 3: யாருக்கு எந்தத் தகவல் வேண்டும் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்

இத்துறையின் பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 19650, 2018 இறுதியில் அதன் முதல் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. அது அடிப்படையில் வலியுறுத்துவது எளிய ஒன்று: தகவலைக் கேட்பவர் தனக்கு என்ன வேண்டும், எப்போது வேண்டும், எதற்காக வேண்டும் என்பதை முதலில் எழுதித் தர வேண்டும், கொடுப்பவர் அதை எப்படி, யாரைக் கொண்டு நிறைவேற்றுவார் என்று பதில் எழுத வேண்டும். முதலாவது தகவல் தேவை ஆவணம். இரண்டாவதைப் "பெப்" என்று சுருக்கி அழைக்கிறார்கள், அதாவது பிம் செயல்திட்டம்.

நூறு பக்கப் பெப் ஆவணங்களை நான் பார்த்திருக்கிறேன். வேறொரு திட்டத்தின் பெயர் பாதியில் அப்படியே விட்டுப்போயிருக்கும். உங்கள் முதல் திட்டத்துக்கு நான்கு பக்கம் போதும். ஒவ்வொரு கட்டடக் கூறுக்கும் யார் பொறுப்பு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு விவரம் என்ற அட்டவணையே அதன் உயிர். விவர அளவைக் குறிக்க எல்.ஓ.டி. என்ற எண்வரிசை புழக்கத்தில் உள்ளது. 100 என்றால் தோராயக் குறியீடு. 200 என்றால் ஏறத்தாழ அளவும் இடமும். 300 என்றால் துல்லியமான அளவும் இடமும். 350 என்றால் பக்கத்துப் பொருள்களோடு அது இணையும் விதமும் சேர்ந்தது. 400 என்றால் பட்டறையில் அப்படியே செய்துவிடக்கூடிய விவரம். எல்லாவற்றையும் 400இல் கேட்பது புதியவர்களின் வழக்கமான பிழை. கதவின் திருகாணி வரை வரைந்த மாடல் திறக்கவே பத்து நிமிடம் ஆகும், அதனால் யாரும் திறக்க மாட்டார்கள். எந்த விவரத்தைக் கொண்டு யார் என்ன முடிவெடுப்பார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த விவரம் வேண்டாம்.

வரைபடமும் மாடலும் முரண்பட்டால் எது செல்லும் என்பதையும் இப்போதே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்கள் கையெழுத்திட்ட வரைபடத்தையே ஏற்கின்றன. அப்படியானால் வரைபடங்கள் அனைத்தும் மாடலிலிருந்தே வெட்டி எடுக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையேல் ஒரே கட்டடத்துக்கு இரண்டு உண்மைகள் உலவும்.

படி 4: ஒரே பூஜ்ஜியம், ஒரே மட்டம்

அடுத்து, எல்லா மாடல்களுக்கும் பொதுவான தொடக்கப் புள்ளி. கட்டடத்தின் இரண்டு அச்சுக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தைப் பூஜ்ஜியம் என்று வைத்து, அதன் சர்வே ஆயங்களையும் வடக்குத் திசைக்கான கோணத்தையும் ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால், முதல் கூட்டத்தில் பிளம்பிங் மாடல் கட்டடத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி வானத்தில் மிதப்பதைத் திரையில் எல்லோரும் பார்ப்பீர்கள். அது கண்ணுக்குத் தெரியும் பிழை, உடனே திருத்திவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத பிழைதான் ஆபத்தானது. தரை மட்டம் என்ற ஒரே சொல்லால் ஆர்க்கிடெக்ட் டைல்ஸ் பதித்து முடித்த மட்டத்தைச் சொல்வார். கட்டமைப்புப் பொறியாளர் கான்கிரீட் மட்டத்தைச் சொல்வார். நான் பணியாற்றிய ஒரு திட்டத்தில் குழாய் ஒப்பந்ததாரர் முடித்த மட்டத்தைப் பூஜ்ஜியமாக வைத்து, குழாய் செல்லச் சுவரில் பதிக்கும் ஸ்லீவ்களின் உயரங்களைக் குறித்தார். சைட்டில் அவை கான்கிரீட்டிலிருந்து அளக்கப்பட்டன. ஒரு மாடி முழுதும் சுவர் ஸ்லீவ்கள் 75 மி.மீ. கீழே போயின. மாடலில் எந்த மோதலும் காட்டவில்லை, ஏனென்றால் மாடலில் எல்லாம் சரியாகவே இருந்தது. அளந்தவருக்குத்தான் எந்தப் பூஜ்ஜியம் என்று யாரும் சொல்லவில்லை. அன்று முதல் ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் "உயரங்கள் கான்கிரீட் மட்டத்திலிருந்து" என்ற வரியைத் தமிழில் போடுவதை நான் விடுவதில்லை.

படி 5: முதல் வாரத்திலேயே ஒரு சோதனைக் கோப்பு

ஆர்க்கிடெக்ட் ரெவிட் அல்லது ஆர்க்கிகேட் என்ற மாடல் மென்பொருளில் வேலை செய்வார், ஸ்டீல் பட்டறை டெக்லா என்ற மென்பொருளில், டக்ட்காரர் வேறொன்றில். இவர்கள் எல்லோரும் பேசிக்கொள்ளும் பொதுமொழி ஐ.எஃப்.சி. என்ற திறந்த கோப்பு வடிவம். பில்டிங்ஸ்மார்ட் அமைப்பு வளர்த்தெடுத்த இது ஐ.எஸ்.ஓ. 16739 என்ற தரநிலையாகவும் உள்ளது. ஆனால் இதிலும் பதிப்புகள் உண்டு: பழைய 2எக்ஸ்3, அதன்பின் வந்த 4, அண்மைய 4.3. எந்தப் பதிப்பில் பரிமாறிக்கொள்வது என்பதை முடிவு செய்யுங்கள்.

பிறகு முழு மாடலுக்குக் காத்திருக்காமல், ஒரு தூண், ஒரு பீம், கதவுள்ள ஒரு சுவர், ஒரு டக்ட், ஒரு குழாய் மட்டும் கொண்ட சிறு கோப்பை ஒவ்வொருவரிடமும் வாங்குங்கள். பூஜ்ஜியம் பொருந்துகிறதா, மில்லிமீட்டர் மீட்டராக மாறிவிட்டதா, சுவரில் கதவுக்கான வெட்டு வந்ததா, பீம் என்பது பீமாகவே அடையாளம் காணப்படுகிறதா அல்லது பெயரற்ற கட்டியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த அரைநாள் சோதனை பல வாரத் தகராறுகளைத் தவிர்க்கும். மாடலைத் திறந்து பார்க்க மட்டும் பணம் கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. பிம்விஷன், சொலிப்ரி எனிவேர் போன்ற இலவசப் பார்வையாளர் மென்பொருள்கள் உண்டு. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளுக்குள் இயங்கும் பொன்சாய் திறமூலமானது, அதில் திருத்தவும் முடியும். சிறு பட்டறைகள் இங்கிருந்தே தொடங்கலாம்.

படி 6: கோப்புகளுக்கு ஒரே வீடு

வாட்ஸ்அப்பில் "ஃபைனல்", "ஃபைனல் நியூ", "ஃபைனல் ரிவைஸ்டு 2" என்று பறக்கும் கோப்புகளால் தவறாகக் கட்டப்பட்ட சுவர்கள் நம் ஊரில் ஏராளம். ஐ.எஸ்.ஓ. 19650 இதற்குப் பொதுத் தகவல் தளம் என்ற ஏற்பாட்டைச் சொல்கிறது. கோப்பு நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும்: ஒருவரது சொந்த மேசையில் உள்ள வேலை, மற்றவர்கள் ஒத்துப்பார்க்கப் பகிர்ந்தது, கட்டுவதற்கு ஒப்புதல் பெற்று வெளியிட்டது, பழையதாகிக் காப்பகத்துக்குப் போனது. பகிர்ந்த நிலையில் உள்ள கோப்பைப் பார்த்து யாரும் கம்பி வெட்டக் கூடாது, டக்டும் செய்யக் கூடாது. இந்த ஒரு விதியை மேஸ்திரி வரை எல்லோரும் அறிந்திருந்தால் போதும். மற்ற நுணுக்கங்களைப் போகப்போகக் கற்றுக்கொள்ளலாம். கிளவுடில் உள்ள விலையுயர்ந்த தளமா, ஒழுங்காகப் பிரித்த சாதாரண இணைய அடைவா என்பது இரண்டாம் கேள்வி.

படி 7: மோதல்களைக் களைதல்

எல்லா மாடல்களையும் ஒன்றாக்கி மோதல் சோதனையை முதன்முறை ஓட்டும்போது மென்பொருள் ஆயிரக்கணக்கில் எண்ணிக்கை காட்டும், மிரள வேண்டாம். ஒரே டக்ட் இருபது சீலிங் கம்பிகளை வெட்டினால் அது இருபது மோதலாகக் கணக்காகும். உண்மையில் அது ஒரே சிக்கல். மாடி வாரியாகவும் அறை வாரியாகவும் தொகுத்து, முடிவெடுக்க வேண்டிய சிக்கல்களை மட்டும் பட்டியலாக்குங்கள்.

யார் யாருக்கு வழிவிடுவது என்பதில் அனுபவத்தில் தேறிய வரிசை ஒன்று உண்டு. கட்டமைப்பு அசையாது. அடுத்து, சாய்வில் ஓடும் கழிவுநீர்க் குழாய். 100க்கு 1 என்ற சாய்வில்கூட 20 மீட்டர் ஓடினால் அது 200 மி.மீ. இறங்கிவிடும், இடையில் மேலேறிக் குதிக்க அதற்கு வழியில்லை. பிறகு பெரிய டக்ட், பிறகு ஸ்பிரிங்க்ளர் முதன்மைக் குழாயும் குளிர்நீர்க் குழாயும், பிறகு கேபிள் டிரே. சிறு தண்ணீர்க் குழாயும் கண்ட்யூட்டும் வளைந்து போகக்கூடியவை, ஆகவே கடைசி. குளிர்நீர்க் குழாயை வரையும்போது இன்சுலேஷனையும் சேர்த்து வரைந்தாரா என்று பாருங்கள்: 100 மி.மீ. குழாயின் வெளிவிட்டம் 114; இருபுறமும் 50 இன்சுலேஷன் சேர்ந்தால் 214. வெறும் இரும்பை மட்டும் வரைந்த மாடலில் மோதல் காட்டாது; சைட்டில் இன்சுலேஷன் சுற்றக் கை நுழையாது. வால்வைத் திருப்பவும் ஃபில்டரைக் கழற்றவும் வேண்டிய வெற்றிடத்தையும் ஒரு பெட்டியாகவே மாடலில் வரைந்து வைப்பது நல்ல பழக்கம்.

வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் கூட்டம் போதும். கூட்டத்தில் உட்காருபவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருக்க வேண்டும். "கேட்டுச் சொல்கிறேன்" என்பவரை மட்டும் அனுப்பினால் அந்த வாரம் வீண். சிக்கல்களை மட்டும் பரிமாறிக்கொள்வதற்கான பி.சி.எஃப். என்ற திறந்த கோப்பு வடிவில் சிக்கலைப் பதிவு செய்தால், அது மாடலில் எங்கே, எந்தக் கோணத்தில் தெரிகிறது, யார் பொறுப்பு, என்றைக்குள் என்பதெல்லாம் அந்தப் பதிவோடு சேர்ந்தே போகும். முழு மாடலையும் அனுப்ப வேண்டியதில்லை. அனுபவமுள்ள ஒரு சைட் ஃபோர்மேனையும் கூட்டத்தில் உட்காரவையுங்கள். திரையில் மோதாமல் இருக்கும் இரண்டு குழாய்களை எந்த வரிசையில் மாட்டினால் ஸ்பானர் நுழையும் என்பதை அவர்தான் சொல்வார்.

படி 8: அளவெடுத்து ஆர்டர் கொடுத்தல்

மாடல் அளவுகளை உடனே கொடுத்துவிடும் என்பது பாதி உண்மை. அது கொடுப்பது வடிவத்தின் நிகர அளவு. பில் போடுவதோ அளவீட்டு முறைப்படி. நம் நாட்டின் ஐ.எஸ். 1200 விதிப்படி, பூச்சு வேலையில் 0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளைக் கழிப்பதில்லை. மாடலோ ஒவ்வொரு திறப்பையும் துல்லியமாகக் கழித்துவிடும். இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே பேசித் தீர்க்காவிட்டால், பூச்சு வேலைக் குத்தகைக்காரரோடு முதல் பில்லிலேயே சண்டை வரும். அவர் பக்கம்தான் நியாயமும் இருக்கும்.

கம்பியில் மாடலின் பயன் மிகத் தெளிவு. 16 மி.மீ. கம்பியின் எடை மீட்டருக்கு 1.58 கிலோ (விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுக்கும் அதே கணக்குதான்). 12 மீட்டர் கம்பியில் 5.2 மீட்டர்த் துண்டுகள் இரண்டு வெட்டினால் 1.6 மீட்டர், அதாவது 13 விழுக்காடு, மிஞ்சும். ஒரு மாடியின் பட்டியலை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு அது கழிவு. எல்லா மாடிகளின் கம்பிப் பட்டியலும் மாடலிலிருந்து ஒன்றாகக் கிடைத்தால், 1.6 மீட்டருக்கும் குறைந்த துண்டு எங்கே தேவை என்று தேடிப் பொருத்தலாம்; பொறியாளர் ஒப்புக்கொண்டால், இரு கம்பிகள் ஒன்றையொன்று ஒட்டிச் சேரும் லேப் வரும் இடத்தைச் சற்றே நகர்த்தித் துண்டின் நீளத்தையே மாற்றலாம்.

அடுத்தது ஒவ்வொரு பொருளின் பயணத்தையும் மாடலில் தொடர்வது: ஆர்டர் ஆனது, பட்டறையில் தயாரானது, லாரியில் ஏறியது, சைட்டில் மாட்டப்பட்டது. ப்ரீகாஸ்ட் பலகைகளில் கியூ.ஆர். ஒட்டி, அதைத் தொலைபேசியால் படித்தால் மாடலில் நிறம் மாறும்படி அமைக்கிறார்கள். இதற்கு ஆதாரம் ஐ.எஃப்.சி. ஒவ்வொரு பொருளுக்கும் தரும் 22 எழுத்து அடையாளக் குறி. ஓர் எச்சரிக்கை: வடிவமைப்பாளர் ஒரு பலகையை நகர்த்தினால் அந்தக் குறி அப்படியே இருக்கும்; அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தால் மாறிவிடும், உங்கள் ஆர்டரோடு இருந்த தொடர்பு அறுந்துபோகும். எனவே ஆர்டர் போன பொருள்களை அழித்து வரையக் கூடாது, திருத்த மட்டுமே வேண்டும் என்பதைப் பெப்பிலேயே எழுதிவிடுங்கள். பாதுகாப்புக்காக, பட்டறைக்காரர் தாமே பயன்படுத்தும் எளிய துண்டு எண்ணையும் பொருளின் பண்புகளில் ஒன்றாகச் சேர்த்துவிடுவது நல்லது. சைட்டில் யாரும் 22 எழுத்துகளைப் படிக்கப்போவதில்லை.

படி 9: ஒப்படைப்பு

கட்டடம் முடியும் தறுவாயில், "கட்டியபடி" மாடல் ஒன்றைத் தர வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லும். வடிவமைப்பு மாடலின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவது பரவலான ஏமாற்று. ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன்பே, மாடி மாடியாக, வால்வுகள், டேம்பர்கள், ஸ்லீவ்களின் இடத்தை நாடாவாலோ லேசர் ஸ்கேனராலோ அளந்து மாடலைத் திருத்துங்கள். மூடிய பின் அந்த வாய்ப்பு இல்லை.

பராமரிப்புத் தகவலைத் தர, அமெரிக்க இராணுவப் பொறியாளர் படையில் உருவான கோபி என்ற அட்டவணை முறை உண்டு. எக்ஸெலில் திறக்கக்கூடியது என்பதால், மாடலைத் தொட்டே பார்த்திராத பராமரிப்பு மேலாளரும் இதைப் பயன்படுத்தலாம். எந்தக் கருவி, எந்த அறை, உற்பத்தியாளர், வரிசை எண், உத்தரவாதம் முடியும் தேதி, உதிரிபாகங்கள் என்பவையே அதில் முக்கியமானவை. இவற்றைக் கடைசி வாரத்தில் சப்-கான்ட்ராக்டர்களைத் துரத்தித் திரட்ட முடியாது, அதற்குள் பலர் அடுத்த சைட்டுக்குப் போயிருப்பார்கள். கருவி சைட்டில் இறங்கும் நாளில், பொருள் வரவுச் சீட்டில் கையெழுத்து வாங்கும் அதே வேளையில், வரிசை எண்ணையும் உத்தரவாதச் சான்றையும் பதிந்துகொள்ளும்படி ஸ்டோர் கீப்பரிடம் ஒரு படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். அந்தப் படிவம் நிரம்பாத கருவிக்கான பில் நகராது என்று கணக்குப் பிரிவிலும் சொல்லிவையுங்கள்.